கூட்டமில்லாத மலைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்பது நமக்கு வரும் கடிதங்களிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கெந்திங் வேண்டாம், கேமரன் வேண்டாம், மரமும் குளிரும் அமைதியும் இருக்கிற வேறு இடம் சொல்லுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள். இரண்டு நாளில் நான்கு இடம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரே மலை, இரண்டு இரவு. அவ்வளவு கொடுத்தால்தான் ஒரு மலை தன்னைக் கொஞ்சமாவது காட்டும், இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது சாலையையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும்தான்.

அக்கா, ஒவ்வொரு வருடமும் கேமரன் மலைக்குப் போய் அலுத்துவிட்டது. போன தடவை பிரிஞ்சாங் நெரிசலிலேயே ஒரு பொழுது போய்விட்டது. கோலாலம்பூரிலிருந்து ரொம்பத் தூரம் இல்லாமல், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போகிற மாதிரி ஒரு மலை சொல்லுங்கள். (செந்தூல் வாசகி)

பிரேசர் மலைக்குப் போங்கள் தங்கச்சி. பலகையில் புக்கிட் பிரேசர் என்று இருக்கும். தூரம் என்று பார்த்தால் 100 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் கோலகுபு பாருவைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுவதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. கோலகுபு பாருவிலேயே எண்ணெய் ஊற்றிக்கொண்டு, ரொக்கமும் எடுத்துக்கொண்டு, அங்கேயே பசியாறிவிட்டு ஏறுங்கள். அந்த ஊரே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஊர்தான். பழைய கோலகுபு 1883இல் அணை உடைந்து வெள்ளத்தில் போனது, பிறகு மேட்டில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. அதனால்தான் தெருக்கள் அகலமாக, நடுவில் புல்வெளியோடு இருக்கின்றன.

கேப் என்ற இடத்திலிருந்து மேலே போகிற கடைசி 8 கிலோமீட்டர் மிகக் குறுகல். ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம் என்று பிரித்து விடுகிற வழக்கம் அங்கே நீண்ட காலமாக உண்டு, மண்சரிவு வந்தால் ஏற்பாடு மாறும், ஆகவே தங்கும் விடுதிக்குப் போன் செய்து அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஈயம் தோண்டினார், பிறகு எங்கே போனார் என்றே தெரியாமல் மறைந்துவிட்டார், பேர் மட்டும் நின்றுவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரவில் கம்பளி கேட்கும் குளிர், பகலில் வேர்க்காமல் நடக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கு முன்னால் எழுப்பிவிடுங்கள். விடுதி வாசலில் இரவெல்லாம் எரிந்த விளக்கைச் சுற்றி வந்த விட்டில் பூச்சிகள் சுவரிலும் தூணிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வர வர அவற்றைத் தின்பதற்குக் காட்டிலிருந்து குருவிகள் கூட்டமாக இறங்கும். அதில் மெசியா என்று ஒன்று, கருந்தலை, கன்னத்தில் வெள்ளி நிறம், தொண்டை மஞ்சள், சிறகில் சிவப்பு. கை எட்டும் தூரத்தில் சுவரில் தொங்கிக்கொண்டு ஒரு விட்டிலைப் பிடித்து, கிளையில் அடித்து, இறக்கையை உதறிவிட்டு விழுங்கும். நீண்ட வாலோடு சிபியாவும் கூடவே வரும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து காட்டுக்குள் போய்விடும். எட்டரை மணிக்கு எழுந்து வருகிறவருக்கு அந்த மலையில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும், நம்மவர்கள் பலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 1988இலிருந்து அங்கே அனைத்துலகப் பறவை பார்க்கும் போட்டி நடந்து வந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் அதற்காகவே வருகிறார்கள், நமக்கோ இரண்டு மணி நேரப் பயணம்.

ஹெமன்ட் தடம் சின்னது, ஏற்றம் அதிகம் இல்லை, பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பைன் மரத் தடம் வேண்டாம், அது பெரியவர்களுக்கே முழு நாள் வேலை. காலையில் தூரத்திலிருந்து ஊளை மாதிரி ஏறி ஏறி வரும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு பாடுகின்றன.

நண்பர்கள் சேர்ந்து ஜண்டா பாய்க்கில் ஆற்றோரம் கூடாரம் போடலாம் என்று இருக்கிறோம். எந்த இடம் நல்லது? (கிள்ளான் வாசகர்)

தம்பி, இடத்தைச் சொல்வதற்கு முன் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜண்டா பாய்க் அருமையான பள்ளத்தாக்கு. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவைத் தாண்டி உள்ளே திரும்பினால் முக்கால் மணி நேரத்தில் தலைநகரை மறந்துவிடலாம். ஆற்றுத் தண்ணீர் கல்லுக்குக் கல் தெளிவாகத் தெரியும், கால் விரைக்கும். ஆனால் கெப்பாலா ஆயர் என்று மலாயில் சொல்கிறார்களே, அந்தத் திடீர் வெள்ளம் நம் நாட்டு மலையாறுகளில் வருடம் தவறாமல் உயிர் வாங்குகிறது. நீங்கள் குளிக்கிற இடத்தில் நல்ல வெயில் இருக்கும், மேலே மலை முகட்டில் மழை கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே சுவராக வந்து சேரும். வருவதற்கு முன் சில அடையாளம் உண்டு. தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும். இரைச்சல் மாறும், மேல்பக்கத்திலிருந்து கனமான ஒரு முழக்கம் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துண்டு, செருப்பு, கைப்பேசி எதையும் எடுக்க நிற்காமல் கரையேறி இன்னும் மேட்டுக்கு ஓடுங்கள். ஆற்றுக்கு நடுவில் இருக்கும் மணல் திட்டில் மட்டும் உட்கார்ந்து சாப்பிடவே கூடாது, அங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூடாரம் போடும் இடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஆற்றிலிருந்து எவ்வளவு உயரம், பின்னால் இருக்கிற சரிவு எவ்வளவு செங்குத்து. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி பக்கம் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். அதற்கு முன்பே பல நாளாக நல்ல மழை. ஆகவே உரிமம் உள்ள முகாமா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

மேற்குக் கரைப் பக்க மலைகளுக்கு ஏப்ரல், மே மாதமும் அக்டோபர், நவம்பர் மாதமும் பிற்பகல் இடிமழைக் காலம். பிப்ரவரி, ஜூன், ஜூலை பரவாயில்லை. அப்புறம், காட்டுக்குள் மலையேறுவதாக இருந்தால், நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும், பல மலைகளுக்குப் பதிவு பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். சமூக ஊடகத்தில் யாரோ போட்ட படத்தை நம்பிக் குறுக்கு வழியில் நுழையாதீர்கள்.

பினாங்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி, அப்பா அம்மாவுக்கும் பிடிக்கிற மாதிரி ஏதாவது பள்ளத்தாக்கு இருக்கிறதா? (பட்டர்வொர்த் வாசகி)

இருக்கிறது, உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, நம்மில் முக்கால்வாசிப் பேர் போனதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கு. கெடாவில் மெர்போக். சுங்கைப் பட்டாணி வழியாகப் போனால் ஒரு மணி நேர அளவுதான்.

பள்ளிக்கூடத்தில் கடாரம் என்று படித்தோமே, ராஜேந்திர சோழன் 1025இல் படை அனுப்பினான் என்று. அந்தக் கடாரத்தின் மண்ணில்தான் நிற்பீர்கள். தொல்பொருள் காட்சியகத்தின் வளாகத்திலேயே சண்டி புக்கிட் பத்து பஹாட் இருக்கிறது, 1960 வாக்கில் தோண்டி எடுத்து மறுபடி அடுக்கிய கற்கோயில். கருவறைக்கு ஒரு மேடை, அதற்கு முன்னால் மண்டபம். மேடைமேல் வரிசையாகக் கிடக்கும் கல் பீடங்களைக் குனிந்து பாருங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாகக் குழி இருக்கும். மரத்தூண் நின்ற இடம் அது. கூரையும் தூணும் மக்கிப்போய்விட்டன, குழி மட்டும் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தால் உளி பட்ட சொரசொரப்பு தெரிகிறது. பக்கத்திலேயே ஜெராய் மலையிலிருந்து இறங்கும் ஓடை. வார நாளில் போனால் தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது.

அங்கிருந்து பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டால் தூப்பா அருவிப் பூங்கா கிட்டத்தில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஆற்று எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும். பிறகு குருண் பக்கம் வந்து குனோங் ஜெராய் ஏறுங்கள், உச்சி 1,217 மீட்டர், கிட்டத்தட்ட மேலே வரைக்கும் கார் போகும், அப்பா அம்மா நடக்க வேண்டியதே இல்லை. சமவெளியிலிருந்து நேராக எழும்பி நிற்கிற மலை என்பதால் கீழே யான் வயல்கள் கடல் வரைக்கும் விரிந்து கிடப்பது முழுசாகத் தெரியும். வங்கக்கடலைத் தாண்டி வந்த கப்பல்காரர்களுக்குக் கரை கண்டது என்று முதலில் சொன்னது இந்த முகடுதான். அந்தக் கோயில்கள் ஏன் இதன் அடிவாரத்தில் இருக்கின்றன என்று மேலே நின்று பார்த்தால் புரிந்துவிடும். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், ஆகவே ஜெராயை முதலில் பார்த்துவிட்டுக் காட்சியகத்துக்குப் போனாலும் நல்லதுதான்.

பினாங்கு மலையில் எப்போதும் கூட்டம். வேறு வழி உண்டா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

நடந்து ஏறுங்கள். தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் சாலை 5 கிலோமீட்டர், செங்குத்து, மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் நிதானமாக ஏறலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட இலைக்குரங்குகள் வழியில் இருக்கும், தீனி போடாதீர்கள். மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டு மலை ரயிலில் இறங்குங்கள், இறங்குவதற்கு அவ்வளவு வரிசை இருக்காது. அந்த ரயில் பாதை 1924இல் திறந்தது. 2021இல் யுனெஸ்கோ இந்த மலைப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது, அது நடந்து போகிறவருக்குத்தான் கண்ணில் படும்.

என் மாணவர்களுக்கு ரஃப்ளேசியா பூவைக் காட்ட ஆசை. பேராக்கில் எங்கே பார்க்கலாம்? (ஈப்போ ஆசிரியை)

டீச்சர், கோப்பெங் பக்கம் உலு கெரோ. செமாய் பூர்வகுடி மக்களின் கிராமம். அவர்களில் பயிற்சி பெற்றவர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள், அவர்கள் இல்லாமல் போகக் கூடாது, போனாலும் பூ எங்கே என்று உங்களுக்குத் தெரியாது.

இதில் ஒரு சிக்கல், பூ உங்கள் பள்ளி அட்டவணைக்கு மலராது. ரஃப்ளேசியாவுக்கு இலை இல்லை, தண்டு இல்லை, ஒரு காட்டுக் கொடிக்குள் ஒளிந்து வாழ்கிறது. மொட்டு பழுக்கப் பல மாதம் ஆகும், விரிந்த பிறகு ஒரு வாரம் தாங்குவதே அதிகம், அப்புறம் கறுத்துக் கூழாகிவிடும். அதனால் முன்கூட்டியே வழிகாட்டியோடு தொடர்பில் இருங்கள், மொட்டின் நிலையை அவர் சொல்வார், இரண்டு மூன்று நாள் அவகாசத்தில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கூட்டிப்போகாதீர்கள், கொடியும் மொட்டுகளும் தரையோடு தரையாகக் கிடக்கும், மிதித்துவிட்டால் பல மாத உழைப்பு போய்விடும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து விடுங்கள். பூ கிடைக்காவிட்டாலும் அங்கே ராஜா புரூக் பட்டாம்பூச்சி இருக்கிறது, நம் நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கையில் பச்சைப் பற்கள் வரிசையாகப் பதித்த மாதிரி, கழுத்தில் சிவப்புப் பட்டை. ஆண் பூச்சிகள் தாது உப்புக்காக ஈர மண்ணில் கூட்டமாக இறங்கி உறிஞ்சும், பெண் பூச்சிகள் பெரும்பாலும் மர உச்சியை விட்டு இறங்காது. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார வைத்தால் போதும்.

வழிகாட்டிக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். அந்தப் பூவை வெட்டி விற்காமல் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்.

எழுபது வயதாகும் அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைக்காற்று வேண்டும் என்கிறார். மேக்ஸ்வெல் மலை சரிப்படுமா? (பூச்சோங் வாசகர்)

மேக்ஸ்வெல் மலை, இப்போது புக்கிட் லாருட், 1884இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய மலைவாசத்தலங்களில் ஒன்று. சொந்தக் கார் ஏற விடமாட்டார்கள், ஜீப்பில்தான் போக வேண்டும், அந்த ஜீப் சேவையும் மண்சரிவால் சாலை கெட்டு நீண்ட காலம் நின்றிருக்கிறது. நடந்தால் 10 கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிறதா என்று விசாரிக்காமல் அம்மாவைக் கூட்டிப்போய் ஏமாற்றிவிடாதீர்கள்.

என் யோசனை வேறு. கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி தைப்பிங்கில் இறங்கி, ஏரிப் பூங்கா பக்கமாகவே ஓர் அறை எடுங்கள். ஈயச் சுரங்கம் தோண்டிய குழிகள்தான் 1880களில் ஏரிகளானவை. கரையோரம் வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் நூறு வருடத்துக்கு மேலாக வளர்ந்து, சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாதை சமதரை. பின்னால் லாருட் மலை முழுசாக நிற்கும், வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை அந்த ஊருக்கு, ஆகவே மேகம் மலையில் ஏறுவதும் இறங்குவதும் நாள் முழுக்க நடக்கும். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். குடை மறக்க வேண்டாம்.

அட்டைக்கடிக்கு என்ன செய்வது? (ரவாங் வாசகி)

பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் வழியத்தான் செய்யும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். நீளமான அட்டைக் காலுறை மலையேறும் சாமான் கடைகளில் கிடைக்கிறது.

சபா, சரவாக்கில் ஒரே ஒரு இடம் என்றால்? (சிரம்பான் வாசகர்)

சபாவில் டானும் பள்ளத்தாக்கு. லாஹாட் டத்து வரை விமானம், பிறகு காட்டுச் சாலை. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடாலி படாத தாழ்நிலக் காடு. செலவு அதிகம், தங்குமிடத்தை முன்பே பதிவு செய்யாமல் போக முடியாது. ஆனாலும் சேர்த்து வைத்தாவது போய் வாருங்கள். சரவாக்கில் பாரியோ என்ற மலைக்கிராமம், மீரியிலிருந்து சிறிய விமானத்தில், மூட்டையைக் குறைத்துக்கொண்டு.

டிசம்பரில் தமிழ்நாட்டுக்குப் போகிறோம். ஊட்டி, கொடைக்கானல் பார்த்தாகிவிட்டது. வேறு மலை? (ஷா ஆலாம் வாசகி)

கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்கு விமானம் இருக்கிறது, திருச்சியில் இறங்கினால் கொல்லிமலைதான் வசதி. நாமக்கல் வழியாக, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட மலை, செம்மேட்டில் குதிரைமேல் அவன் சிலை இருக்கிறது. ஊட்டி மாதிரி கடைத்தெரு எதிர்பார்க்காதீர்கள், மிளகுக் கொடி ஏறிய மரங்களும், காப்பித் தோட்டமும், பலாவும், சாமை தினை விளைகிற மேட்டு வயலும்தான். சந்தை நாளில் மலைவாசிகள் கொண்டுவரும் மிளகையும் தேனையும் அவர்களிடமே வாங்குங்கள். டிசம்பர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது, மாதக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு மறுபடி போவதாக மனம் மாறினால், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், ஓட்டுநரிடம் அதை முன்பே எடுக்கச் சொல்லுங்கள். காட்டில் நடக்க ஆசை என்றால் தமிழ்நாட்டு வனத்துறை 2024 அக்டோபரில் 40 நடைத்தடங்களைத் திறந்து இணையத்தில் பதிவு செய்யும் முறை கொண்டுவந்திருக்கிறது, உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்துபோனார்கள். யாராவது ஏஜெண்ட் "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது சுலபமாக இருக்கும், ஏறும்போதுதான் தொடை நடுங்கும். காலை எட்டு மணிக்கே இறங்கிவிட்டு வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். உங்களோடு வயதானவர்கள் வந்தால் அவர்கள் கோயில் மண்டபத்திலேயே இருக்கட்டும்.